துயருக்குப் பின் வந்த துணை

பிறந்தவர் இறப்பதும் இருப்பவர் அழுவதும் உலகத்து இயற்கை. ஆனால், அழுது முடித்தவர் அதன் பின்னர் எப்படி வாழ்வது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஒருவர் தமது வாழ்க்கைத்துணையை இழந்தால், எட்டுச் செலவு, அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், மாசியம், ஆண்டுத் திவசம் என்று கடமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடமைகளோடு உறவினரும் வருவர். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயல்வீட்டிலிருந்து சோறு வரும். துக்கம் கேட்க வந்தவர்கள் இறந்தவரின் பெருமையைத் திரும்பத் திரும்பப் பேசுவார்கள். அப்பேச்சே ஒரு மருந்து.

புலம்பெயர்ந்த நாட்டில் முப்பத்தோராம் நாளுடன் இவை பெரும்பாலும் ஓய்ந்துவிடுகின்றன. வந்தவர்கள் தத்தம் வேலைக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைகள் வேறு நகரங்களில் வாழ்கிறார்கள். மார்கழி மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருள் சூழும் வீட்டில், சுவரிலே மாலையிட்ட படத்தைப் பார்த்தபடி ஒருவர் தனித்திருக்கிறார். இத்தகைய ஒருவருக்குக் காலப்போக்கில் ஆறுதலான துணை ஒன்று அமைவதுண்டு. அது பக்கத்து வீட்டு ஆங்கிலேய மாதாகவோ, தம்மைப் போலவே துணையை இழந்த வேறு நாட்டவராகவோ இருக்கலாம். அச்செய்தி வெளியே வந்ததும் கோயில் வாசலில் இரண்டு கேள்விகள் எழும். "அதுக்குள்ளை மறந்து போனாரோ?" என்பது ஒன்று. "ஆள் வேதக்காரியாமே?" என்பது மற்றது.

இவ்விரு கேள்விகளுக்கும் இதே இலண்டன் மாநகரில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை விடை தருகின்றது. இந்நாட்டு வைத்தியசாலைகளில் கடமையாற்றும் தமிழ் வைத்தியர்களும் தாதியரும் அவர் பெயரை நன்கு அறிவர். சங்கத்தின் ஏனைய அன்பர்களும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

முதலாவது துயர்

டேம் சிசிலி சோண்டர்ஸ் 1918ஆம் ஆண்டு யூன் மாதம் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. படிப்பை இடைநிறுத்திவிட்டு, இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியாகப் பயிற்சி பெற்றார். முதுகு நோய் காரணமாக அவரால் தாதித் தொழிலைத் தொடர முடியவில்லை. எனவே, நோயாளரின் குடும்ப நலன்களைக் கவனிக்கும் சமூகப் பணியாளராக அதே வைத்தியசாலைக்குத் திரும்பினார். 1945ஆம் ஆண்டளவில் அவரிடம் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்று ஏற்பட்டது. புதிதாகப் பற்றுக் கொண்டவர்களுக்கே உரிய வேகமும் அதில் இருந்தது.

1947ஆம் ஆண்டில் டேவிட் தஸ்மா என்ற நோயாளியை அவர் சந்தித்தார். அவர் போலந்து நாட்டின் வார்சோ நகரத்து யூதர். வயது நாற்பது. இலண்டனில் உணவு விடுதிப் பணியாளராக வேலை செய்து பிழைத்தவர். போலந்தின் யூதர்களில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் கொன்றொழிக்கப்பட்ட கொடுமை நிகழ்ந்து மூன்று ஆண்டுகள் கூட ஆகாத காலம் அது. அவருக்கு வந்திருந்ததோ அறுவைச் சிகிச்சையால் தீர்க்க முடியாத புற்றுநோய். தாம் வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் இன்றிப் போகப் போகிறோமே என்பது, நோயைக் காட்டிலும் அவரை வருத்தியது.

1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோய் முற்றி அவர் வேறொரு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். சிசிலி அடுத்த இரண்டு மாதங்களில் ஏறத்தாழ இருபத்தைந்து தடவைகள் அங்கே சென்று அவரைப் பார்த்தார். கடமையாகத் தொடங்கியது அன்பாகக் கனிந்தது. சாகப் போகிறவர்களுக்கு எத்தகைய இடம் வேண்டும் என்று இருவரும் மனம்விட்டுப் பேசினர். நோவைத் தணிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்க வேண்டும். நோயாளியை ஒரு மனிதராக மதித்து அவர் கதையைக் கேட்க நேரம் இருக்க வேண்டும். இதுவே அப்பேச்சின் சாரம்.

ஒருநாள் தமக்கு ஆறுதலாக ஏதேனும் சொல்லும்படி டேவிட் கேட்டார். யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவான சங்கீதப் பாடல்களை, சிசிலி மனப்பாடமாகச் சொன்னார். பின்னர் புத்தகத்தை எடுத்து வாசிக்கட்டுமா என்றார். வேண்டாம், உன் உள்ளத்திலும் இதயத்திலும் இருப்பதே எனக்குப் போதும் என்ற கருத்தில் டேவிட் மறுமொழி கூறினார். சிசிலியின் வாழ்நாள் முழுவதற்கும் அது ஒரு மந்திரமாக நின்றது. ஒருவருக்கு ஆறுதல் தரச் செல்பவர் தமது சமயநூலைக் கொண்டு செல்லலாம். ஆயினும் எதிரே இருப்பவர் தேடுவது உள்ளத்தையே.

டேவிட் தஸ்மா 1948 பெப்ரவரியில் காலமானார். இறக்குமுன் அவர் சிசிலியின் சமயத்துக்கு மாறவில்லை. தம் முன்னோர் வழிபட்ட கடவுளுடன் சமாதானம் செய்துகொண்டதாக அவர் கூறிச் சென்றார். வேற்றுச் சமயப் பெண்ணொருத்தியின் அன்பு அவரைத் தம்முடைய சமயத்துக்கே திருப்பிக் கொண்டு சேர்த்தது. சைவ அன்பர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மெய்யான அன்புக்கு எதிர் இருப்பவரின் வேரைப் பிடுங்கும் நோக்கம் இருப்பதில்லை.

அவர் விட்டுச் சென்ற உடைமை 500 பவுண். அதனைச் சிசிலிக்கே எழுதி வைத்தார். என்றாவது அவள் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டும் என்பதே அவரது விருப்பம்.

துயர் தொண்டாக மாறியது

திருநாவுக்கரசு நாயனாரின் தமக்கையார் திலகவதியாரின் வரலாற்றைச் சங்க அன்பர்கள் யாவரும் அறிவர். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மடிந்தார் என்ற செய்தி வந்ததும் உயிர் துறக்கத் துணிந்தவர் அவர். தம்பியின் பொருட்டு உயிர் தாங்கி, பின்னர் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்து வாழ்ந்தார். துயரை மறக்க அவர் முயலவில்லை. அதனைத் தொண்டாக்கினார். தம்பியார் சமணம் சார்ந்திருந்த காலத்திலும் அவர்மீது கொண்ட அன்பை அத்தமக்கையார் விடவில்லை. சூலை நோயால் துடித்து வந்த தம்பியை, முன்னைய பிரிவைச் சொல்லிக் காட்டாமல் ஏற்றுக்கொண்டார்.

சிசிலி சோண்டர்ஸ் சென்ற வழியும் ஏறக்குறைய இத்தகையதே. டேவிட் மறைந்த பின், ஏழைகள் சாவதற்கென்று அமைந்த சென். லூக்ஸ் இல்லத்தில் மாலை வேளைகளில் ஊதியமின்றிப் பணி செய்தார். அங்கே அவர் ஓர் உண்மையைக் கண்டார். பெரிய வைத்தியசாலைகளில் நோயாளி நோவால் கதறிய பிறகே மோர்பின் கொடுப்பார்கள். இந்தச் சிறிய இல்லத்திலோ, நோவு எழுமுன்பே நான்கு மணிக்கு ஒரு முறை வாய்வழியாக அளந்து கொடுத்தார்கள். நோயாளர் தெளிந்த அறிவுடன் உற்றாரோடு பேசியபடி இருந்தனர். இம்முறையை உலகுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாயின் வைத்தியராக வேண்டும் என்று அறுவை நிபுணர் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறினார். முப்பத்துமூன்று வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957இல் வைத்தியரானார். அடுத்த ஆண்டு, கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹக்னி சென். ஜோசப் இல்லத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அங்கேதான் இரண்டாம் அன்பும் இரண்டாம் துயரும் வந்தன. அன்டோனி மிக்னியெவிச் என்பவர் போலந்து நாட்டுக் கத்தோலிக்கர்; மனைவியை இழந்தவர்; ஒரு மகளின் தந்தை. 1960ஆம் ஆண்டுக் கோடையில், அவர் உயிர் பிரிவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், இருவரும் தம் அன்பை உணர்ந்தனர். பல கட்டில்கள் கிடந்த பொதுவார்ட்டில், பிறர் கண்முன்னே பேசிய சில நாழிகைகளே அவர்களுக்குக் கிடைத்தன. வைத்தியருக்கும் அவரது நோயாளிக்கும் இடையே இத்தகைய உறவை இன்றைய ஒழுக்க விதிகள் அனுமதிப்பதில்லை. அவ்விதிகளின் நியாயம் பெரிது. ஆயினும் அவ்விருவரிடையே இருந்தது பேச்சும் பிரார்த்தனையும் மட்டுமே. ஆகஸ்ட் மாதத்தில் அன்டோனி காலமானார்.

ஓராண்டு காலத்துக்குள் சிசிலியின் தந்தையாரும், நெருங்கிய தோழி ஒருவரும் அடுத்தடுத்து மறைந்தனர். மனைவி என்ற உரிமை இல்லாத காரணத்தால் அன்டோனிக்காக அவரால் வெளிப்படையாக அழவும் முடியவில்லை. துயர்கள் ஒன்றோடொன்று கலந்து, யாருக்காக அழுகிறோம் என்று பிரித்தறிய முடியாத நிலைக்குத் தாம் வந்ததாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஊரார் முன்னிலையில் அழ உரிமையில்லாத துயர் மிகவும் கொடியது. ஊர் அறியாத நட்பை இழந்தவர்களும், வேற்றுச் சமயத்தில் மணந்ததால் குடும்பத்திலிருந்து ஒதுக்கப்பட்டுப் பின் துணையை இழந்தவர்களும் இந்த நிலையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்கச் செல்பவர் யார்?

1967ஆம் ஆண்டு, தென்கிழக்கு இலண்டனின் சிடெனம் பகுதியில் சென். கிறிஸ்தோப்பர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. டேவிட் இறந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், அவரது சாளரத்தைச் சுற்றி ஓர் இல்லம் எழுந்தது. அவ்வில்லத்தின் முன்புறத்தில் அவர் நினைவாக ஒரு சாளரம் இருக்கிறது. வண்ணச் சித்திரம் எதுவும் தீட்டப்படாத வெறும் கண்ணாடி அது. வெளியே இருப்பவர் உள்ளே பார்க்கலாம். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். கிறிஸ்தவப் பற்றில் எழுந்த நிறுவனமாயினும், எச்சமயத்தவரும் சமயமில்லாதவரும் எவ்வித வற்புறுத்தலுமின்றி அங்கே வந்து தங்கலாம் என்பது தொடக்கத்திலிருந்தே அதன் கொள்கை. சாகும் மனிதரின் நோவு உடலில் மாத்திரம் இருப்பதன்று; மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருப்பது என்று சிசிலி எழுதினார். "முழு நோவு" என்ற அவருடைய அக்கருத்து இன்று மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. இந்நாட்டு ஹொஸ்பிஸ்களில் இன்று தலையணையருகே திருநீற்றுச் சம்புடமும், முருகன் படமும், மெல்ல ஒலிக்கும் தேவாரமும் இடம்பெற முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை இட்டவர்களில் ஒருவர் வார்சோ நகரத்து யூதர் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவதாக வந்த ஒளி

இனி, துயருக்குப் பின் வந்த துணையின் கதை. 1963ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் ஓவியக் காட்சிச்சாலையின் சாளரத்தில் கண்ட ஓவியமொன்று சிசிலியின் உள்ளத்தைத் தொட்டது. அதே ஓவியரின் படம் ஒன்றை வாங்கினார். அது தமக்கு அளித்த ஆறுதலைக் கூறி ஓவியருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்த ஓவியர் மரியான் போஹுஷ்-ஷிஷ்கோ. போரில் கைதியாகித் துன்புற்ற போலந்து நாட்டவர், ஆழ்ந்த கத்தோலிக்கர், சிசிலியை விட ஏறத்தாழ பதினேழு வயது மூத்தவர்.

போரினால் பிரிந்த மனைவி ஒருவர் அவருக்குப் போலந்திலே இருந்தார். மீண்டும் சேர்ந்து வாழ வழியில்லாத போதிலும், அம்மையாரின் பராமரிப்புக்கு அவர் தொடர்ந்து உதவி வந்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை மறுமணம் செய்வதற்குத் தம் சமயம் இடங்கொடாது என்று மரியான் நின்றார். அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த சிசிலி அந்த நியமத்தை மதித்தார். 1975இல் அம்மையார் காலமானார். 1980ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். மணமகளுக்கு வயது அறுபத்தொன்று. மணமகன் எண்பதை நெருங்கியவர். சந்தித்த நாளிலிருந்து மணநாள் வரை பதினேழு ஆண்டுகள். சிசிலி கத்தோலிக்கராக மாறவில்லை. மரியானும் அங்கிலிக்கன் ஆகவில்லை. ஒருவர் கோயிலை மற்றவர் மதித்தனர். காலம் செல்லச் செல்ல, சிசிலியின் இளமைக்காலச் சமயக் கடுமை தளர்ந்து விரிந்த நோக்காயிற்று.

"மறந்து போனாரோ?" என்ற முதலாவது கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஹொஸ்பிஸின் முகப்பில் டேவிட்டின் சாளரம் இருந்தது. அதே கட்டடத்தின் சுவர்களெங்கும் மரியானின் ஓவியங்கள் தொங்கின. டேவிட்டும் அன்டோனியும் அந்த இல்லத்தின் அத்திவாரம் என்று சிசிலி கடைசிவரை வெளிப்படையாகக் கூறிவந்தார். கணவரும் அதைக் குறைவாக எண்ணவில்லை. புதிய அன்பு வந்ததனால் பழைய அன்பு வெளியேற்றப்படவில்லை. ஒரு வீட்டில் இரண்டு விளக்குகள் எரிந்தால் ஒன்றின் ஒளி மற்றதைக் கெடுப்பதில்லை.

மரியான் தம் இறுதிக்காலத்தில் அந்த ஹொஸ்பிஸிலேயே பராமரிக்கப்பட்டு 1995இல் காலமானார். சிசிலியும் 2005ஆம் ஆண்டு யூலை மாதம், தாம் நிறுவிய அதே இல்லத்தில், புற்றுநோயால் உயிர் நீத்தார்.

வைத்தியம் கூறும் சாட்சி

இவை ஒருவரது தனிப்பட்ட கதை மாத்திரமல்ல. சென். கிறிஸ்தோப்பர் இல்லத்தில் துயருற்ற குடும்பங்களுக்கான சேவையை உருவாக்கியவர் மனநோய் நிபுணர் கொலின் மரே பார்க்ஸ். அவரும் அவருடைய சகாக்களும் 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 55 வயதும் அதற்கு மேலும் உள்ள 4486 ஆண்கள், மனைவியை இழந்த பின் எவ்வாறு வாழ்ந்தனர் என்று தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆறு மாதங்களுக்குள் 213 பேர் இறந்தனர். அதே வயதில் மனைவியுடன் வாழும் ஆண்களிடையே எதிர்பார்க்கக்கூடிய தொகையைவிட இது 40 சதவீதம் அதிகம். இறந்தவர்களிற் பலருக்கு இருதய நோயே காரணம். "துக்கத்தால் நெஞ்சு வெடித்து இறந்தார்" என்று ஊரிலே சொல்வது வெறும் வார்த்தையல்ல. கடுந்துயரால் இருதயத்தின் ஒரு பகுதி திடீரெனச் செயலிழக்கும் நோய்நிலையொன்றை ஜப்பானிய வைத்தியர்கள் 1990இல் விவரித்தனர். அதற்குப் பெரும்பாலும் உள்ளாகுபவர் நடுவயது கடந்த பெண்கள்.

டெவி றீஸ் என்னும் வைத்தியர் மத்திய வேல்ஸ் பகுதியில் துணையிழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் எழுதிய கட்டுரையும் அறியத்தக்கது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், இறந்த துணைவர் தம் அருகில் இருப்பது போன்ற உணர்வைப் பெற்றிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. எனினும் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சமும் இருந்தது. ஆகவே பலர் அதை யாரிடமும் சொன்னதில்லை. இறந்தவரை மறந்தால்தான் துயர் தீரும் என்ற பழைய மருத்துவக் கொள்கையை இன்றைய நிபுணர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டனர். இறந்தவரோடு உள்ள உறவு வேறு வடிவில் தொடர்வது ஆரோக்கியமே என்பது இன்றைய கருத்து. ஆண்டுதோறும் திவசம் செய்து, அவருக்குப் பிடித்த கறியைப் படைத்து, பேரப்பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லும் சைவக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஆகவே, துணையை இழந்த பெரியவர் ஒருவர், வேற்றுச் சமயத்தவர் ஒருவரின் துணையை நாடினால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவ்விருவரும் ஒருவர் துயரை மற்றவர் மதிக்கிறார்களா? முதல் மனைவியின் திவசத்தன்று புதிய துணைவி வாழையிலையைக் கழுவி வைக்க மனமுள்ளவரா? அவர் முதற் கணவரின் கல்லறைக்குப் பூக்கொண்டு போகும்போது இவரும் கூடச் செல்வாரா? ஒருவர் மற்றவரைச் சமயம் மாறும்படி நெருக்காமல் இருப்பாரா? இவற்றுக்கு விடை "ஆம்" என்றால், அங்கே மறதியும் இல்லை, மதத்துரோகமும் இல்லை. சொத்து, உயில் முதலிய விடயங்களைப் பிள்ளைகளோடு முன்கூட்டியே பேசித் தெளிவாக எழுதி வைப்பது பிற்காலப் பிணக்குகளைத் தவிர்க்கும். பிள்ளைகளுக்கும் அது தாயையோ தந்தையையோ இழந்த துயரின் காலமாதலால், அவர்கள் மனம் ஆற அவகாசம் கொடுப்பதும் கடனாகும். இணக்கம் வரப் பதினேழு ஆண்டுகள் பொறுக்கத் தேவையில்லை. சில திவசங்கள் கழியும் வரையாவது பொறுக்கலாம்.

கோயிலைச் சூழ்ந்து வாழும் சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. முப்பத்தோராம் நாளுக்குப் பின்னரே துக்க வீட்டுக்கு ஆட்கள் கூடுதலாகத் தேவை. வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தனியே வர மனமில்லாத ஒருவரைக் காரில் ஏற்றி வருவது, மாதம் ஒரு முறை தொலைபேசியில் "சாப்பிட்டீங்களோ ஐயா?" என்று கேட்பது, இறந்தவரின் பெயரைத் தயங்காமல் அவர் முன் சொல்வது, இவையெல்லாம் செலவில்லாத வைத்தியம். அவர் ஒருநாள் புதிய துணையோடு கோயில் வாசலில் வந்து நின்றால், அந்தத் துணை நெற்றியில் திருநீறு அணிந்தாலும் அணியாவிட்டாலும், "வாங்கோ அம்மா" என்று வரவேற்றுப் பிரசாதம் கொடுப்பது அதிலும் பெரிய வைத்தியம்.

தனிமையில் வாடும் உள்ளங்கள் யாவும் ஆறுதல் பெறவும், அவ்வாறுதல் எவ்வழியாக வந்தாலும் அதை இறைவன் அருளாக ஏற்கும் பெருமனம் அன்பர்களிடம் வளரவும், எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருள் கூடுவதாக.